லாரியின் பின்கதவில் வந்த பதில்

கடந்த தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. திருப்பலி முடிந்து நானும் என் மனைவி ஞானமும் வீடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் ஒரு பை கண்ணில் பட்டது. என் தம்பி அருள்தாஸின் பை. பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தபோது அவன் தோளில் தொங்கியது. அதைத் துவைத்துக் காயவைத்து, துணிகளை மடித்து அடுக்கி, வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"எங்கேடா கிளம்பிட்டே?" என்றேன்.

"ஈஸ்டர் முடியட்டும்ண்ணா. பூசை பார்த்துட்டுக் கிளம்பறேன். ரோசலினைத் தேடணும்."

ரோசலின் அவன் மனைவி. இரண்டு வருடங்களுக்கும் மேலாக அவளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அவள் கடைசியாக இருந்த மலைக் கிராமத்தை எரித்துவிட்டார்கள் என்ற செய்தி, எரிந்து பல மாதங்களுக்குப் பிறகு, அந்த வாரம்தான் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் ஆற்றைக் கடந்து ஓடினார்களாம். யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை என்று சொல்ல ஆளில்லை. அவன் திரும்பிப் போக நினைத்தது அந்த நாட்டுக்குத்தான். அங்கே ராணுவம் தேடுகிற ஆட்களில் அவனும் ஒருவன். எல்லையைத் தாண்டினால் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுபத்தாறு வயதில் கிடைத்த தம்பி. அவனை இழுத்துப் பிடித்து நிறுத்த என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. என் மனைவி காணாமல் போயிருந்தால் நான் போக மாட்டேனா?

விசுவாசத்தில் என் உறவினர்களான உங்களுக்கு, அந்த ஞாயிறு முதல் பெரிய வியாழன் வரை ஆண்டவர் செய்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் சாட்சி சொல்லிப் பழகியவன் அல்ல. முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். இயல்பிலேயே பயந்தவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். "ஏனுங்க, வானத்துல இருக்கறத மட்டுந்தான் இன்னும் எண்ணல" என்பாள் ஞானம். அப்படிப்பட்டவனின் சாட்சி இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அருள்தாஸ் என் உடன்பிறந்தவன் அல்ல. என் சித்தியின் மகன். என் தாயின் ஒரே தங்கை, ரங்கூனில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போனார். பிறகு சகோதரிகள் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. பர்மாவிலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிய காலத்தில் அம்மா தினமும் வழி பார்த்தார். சித்தி வரவில்லை. அதன்பின் தொடர்பும் அறுந்துபோனது. ஆனால் எங்கள் வீட்டு ஜெபமாலையில் சித்திக்கு ஓர் இடம் இருந்தது. ஜெபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' ஐம்பத்து மூன்று முறை வரும். எங்கள் வீட்டில் ஐம்பத்து நான்கு. மணிகள் முடிந்த பிறகு அம்மா, "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்காக" என்று சொல்லி இன்னும் ஒன்று சொல்வார். அம்மா இறந்த பிறகும் நான் அதை விடவில்லை. சித்தி உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தும் விடவில்லை.

அதற்கு முந்தைய வருடம், கிறிஸ்துமஸுக்கு முன்வரும் திருவருகைக் காலத்தில் ஒரு காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். மாதா சுரூபம் வைத்த கெபியருகே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். ஒடிந்து விழுகிற மாதிரி மெலிந்த உடம்பு. விரலிடுக்குகளில் பழைய பெயிண்ட் கறை. "சங்ககிரில ஒரு பெரியம்மா இருந்தாங்க, பேரு அன்னம்மா. அவங்க மகன் வாத்தியாருன்னு எங்கம்மா சொல்வாங்க" என்றார். அந்தத் தமிழைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா பேசிய தமிழ். எங்கள் ஊரிலேயே இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம். வீட்டுக்குக் கூட்டிவந்து, பரீட்சை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாத்தா பெயர் தெரியவில்லை. காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. ஞானம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மொதல்ல சோத்தப் போட்டுட்டுக் கேளுங்க. கேள்வி எங்கயும் ஓடிப்போவாது."

சாயங்காலம் வழக்கம்போல் ஜெபமாலைக்கு முழந்தாளிட்டோம். அவரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். மணிகள் முடிந்தன. வெளியாள் இருக்கிறாரே, இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து மாலையை ஆணியில் மாட்டப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியபடி, தணிந்த குரலில், "அக்கரையில இருக்கறவங்களுக்காக" என்று சொல்லி இன்னொரு 'அருள் நிறைந்த மரியே' ஆரம்பித்தார்.

அவர்களுக்கு அக்கரை நாங்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக, இந்தப் பக்கம் அக்கா வீட்டிலும் அந்தப் பக்கம் தங்கை வீட்டிலும், மணி இல்லாத அந்த ஒரு ஜெபத்தை ஒருவருக்காக ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்னால் பதில் ஜெபத்தைச் சொல்ல முடியவில்லை. ஞானம்தான் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாளே ஃபாதரும் நானும் அருள்தாஸை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனோம். ஒளித்து வைப்பது சரியில்லை என்று ஃபாதர் சொன்னார். இன்ஸ்பெக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எழுதி மேலே அனுப்பறேன் சார். உத்தரவு வர்ற வரைக்கும் வாரம் ஒரு தடவை இங்க வந்து கையெழுத்துப் போடணும். சேலம் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. உங்க பொறுப்புல விடறேன்" என்றார். நல்ல மனிதர். ஆனால் 'உங்க பொறுப்பு' என்ற அந்த வார்த்தையை நான் வீடுவரை சுமந்து வந்தேன். அதன் கனம் அன்று முதல் இறங்கவே இல்லை.

அவன் ஏன் ஓடிவந்தான் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் ஓவியன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவான், சினிமா பேனர் வரைவான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அவர்கள் ஊர்க் கோயிலில், ஆண்டவரின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகக் காட்டும் சிலுவைப்பாதைப் படங்களைப் புதிதாக வரையச் சொன்னார்கள். வரைந்தான். ஆண்டவரை அடிக்கிறவர்களுக்கும் ஆணி அறைகிறவர்களுக்கும் அந்த நாட்டு ராணுவத்தின் உடுப்பையே போட்டுவிட்டான். பூட்ஸ், பெல்ட், தொப்பி எல்லாம். பத்தாம் நிலையில் ஆண்டவரின் ஆடையை உரிகிறவனுக்கு, ஊர் முகாமின் அதிகாரியுடைய முகம். தூக்கிய ஒற்றைப் புருவம், முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. ஊரில் அந்தப் பல்லைத் தெரியாதவர் இல்லை.

ரோசலின் கெஞ்சியிருக்கிறாள். "வரையறத வரைங்க. அந்தப் பல்லை மட்டும் அடைச்சிடுங்க." இவன் அடைக்கவில்லை.

பெரிய வெள்ளியன்று ஜனங்கள் பத்தாம் நிலையை விட்டு நகரவில்லையாம். சிலர் அழுதார்களாம். சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அடுத்த வாரம் லாரிகளில் ராணுவம் வந்தது. படங்களைக் கழற்றிப்போட்டு எரித்தார்கள். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரோசலின் அப்போது மலையில் தன் தாய் வீட்டில் இருந்தாள். அவள் தாய் மலைச்சாதிப் பெண், தந்தை தமிழர். இவன் பின்வாசல் வழியாக ஓடினான். காடு, ஆறு, எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், மணிப்பூரில், தமிழர்கள் கடை வைத்திருக்கும் ஒரு சின்ன ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் ஒண்டியிருந்தான். அங்கேயும் கலவரம் வந்து வீடுகள் எரிந்தன. அதன்பின் ரயிலேறி, அம்மா சொன்ன ஒரே ஓர் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரோமானியப் படைவீரன் பூட்ஸ் போட்டதில்லையேப்பா. அது வார் வைத்த செருப்பு. நீ வரைந்தது வரலாற்றுப் பிழை."

அவன் சிரித்துவிட்டான். அவன் வந்த பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை. "உதை வாங்கினவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமாண்ணா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வகுப்பில் நான் வரலாறு என்று நடத்தியதெல்லாம் யார் ஆண்டான், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை ஆண்டான் என்பதுதான். அடுத்த ஞாயிறு விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'போஞ்சு பிலாத்து' என்ற பெயரில் என் நாக்கு நின்றுவிட்டது. அத்தனை பெரிய சாம்ராஜ்யத்தின் ஆளுநர். இன்று உலகம் முழுவதும் அவன் பெயரைச் சொல்கிறோம் என்றால், அவன் தீர்ப்பளித்த கைதியின் நிமித்தம் மட்டுமே சொல்கிறோம். ஆளுகிறவர்கள் தங்கள் வரலாற்றை எழுதிக்கொள்கிறார்கள். ஆண்டவர் அதே காலத்தை உதைபட்டவன் பக்கமிருந்து எழுதுகிறார். அவரையே கைக்குழந்தையாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்தானே. இதை என் தம்பி படமாக வரைந்திருக்கிறான். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஞானம் சொன்னாள். என் பழைய மாணவன் செல்லமுத்து பைபாஸ் ஓரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளுக்குப் புது பெயிண்ட் அடித்துப் படம் போட வேண்டும். இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு அருள்தாஸை அங்கே அனுப்பினேன். அவன் கை பட்ட வண்டிகள் தனியாகத் தெரிந்தன. முருகனுக்கு மயில், மாதாவுக்கு நட்சத்திரம், கிளி, தாமரை என்று யார் கேட்டதையும் மனம் கோணாமல் வரைந்து கொடுத்தான்.

பிறகு திருஷ்டி பூதம் வந்தது. லாரிகளின் பின்கதவில் கண்ணை உருட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, கொம்பு வைத்து ஒரு முகம் இருக்குமே, அதுதான். ஒரு சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றின் பின்கதவிலும் பூதம். மூன்று பூதத்துக்கும் தலையில் ராணுவ அதிகாரியின் தொப்பி. தூக்கிய ஒற்றைப் புருவம். முன்பற்களுக்கு நடுவே சந்து.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

அவன் தூரிகையைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னான். "எங்க ஊர்ல எல்லாரையும் பயமுறுத்துனான்ண்ணா. இங்க வந்து லாரிக்குக் காவல் காக்கட்டும்."

செல்லமுத்துவுக்கு ஒரே குஷி. "வாத்தியாரய்யா, டிரைவருங்கெல்லாம் தொப்பி பூதந்தான் வேணும்னு அடம் புடிக்கறாங்க. இது மாதிரி நாமக்கல்லுலயே இல்லீங்க."

எனக்கு இரண்டு கவலை. ஞானஸ்நானம் பெற்றவன் பூதம் வரையலாமா என்பது ஒன்று. அதை ஃபாதரிடம் கேட்டேன். "பிசாசைப் பார்த்துச் சிரிக்கிறவன் பிசாசுக்கு ஊழியம் செய்ய மாட்டான், வாத்தியாரே" என்று சொல்லிவிட்டார். மற்றதுதான் என்னைத் தின்றது. லாரி இந்தியா முழுவதும் ஓடும். யாராவது செல்போனில் படம் எடுத்துப் போடுவார்கள். அது சுற்றிச்சுற்றி அந்த அதிகாரியின் ஆட்கள் கண்ணில் பட்டால்? வரைந்தவன் அகப்படாவிட்டால் அவன் மனைவியைத் தேடிப் பிடிப்பார்களே. ரோசலின் எங்காவது உயிரோடு ஒளிந்திருந்தால், இந்தப் பல் அவளைக் காட்டிக் கொடுத்துவிடாதா?

அருள்தாஸிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "ஒளிஞ்சு ஒளிஞ்சே நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இல்லாம போயிட்டோம்ண்ணா" என்றான். நான் செல்லமுத்துவிடம் போய்த் தொப்பியையும் பல்லையும் அழிக்கச் சொல்லி மன்றாடினேன். என் முகத்துக்காக இரண்டு வண்டிகளில் அழித்தான். மூன்றாவது வண்டியின் டிரைவர் பழனிசாமி மட்டும் மசியவில்லை. கதவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டான்.

"தொடக்கூடாதுங்க வாத்தியாரே. இந்தச் சாமி வந்ததுக்கப்புறம் ஒரு பஞ்சர்கூட ஆவலீங்க."

"அது சாமி இல்லையப்பா, பூதம். அதுவும் மூடநம்பிக்கை."

"பூதமோ சாமியோ, எனக்கு ராசியா இருக்குதுங்க. நீங்க வேணும்னா எனக்காகவும் உங்க கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்துங்க. ரெண்டும் இருக்கட்டும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். 'ஆண்டவரே, அந்த வண்டியின் பின்கதவு யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும்.'

இதற்குள் ஃபாதர் சும்மா இருக்கவில்லை. மிசோரத்தில் பர்மா அகதிகள் தங்கியிருக்கும் முகாம்களுக்கு அங்குள்ள குருக்கள் மூலம் கேட்டுப் பார்த்தார். ரோசலின் என்று யாரும் இல்லை என்றே எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது. பிறகு கிராமம் எரிந்த செய்தி. பிறகு நான் முதலில் சொன்ன அந்தப் பை.

அந்த வாரம் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனேன். எல்லோரும் ஒவ்வொரு நிலையாக நகர்ந்தார்கள். பத்தாம் நிலையில் என் கால் நின்றுவிட்டது. எங்கள் கோயில் படத்தில் படைவீரன் ஒழுங்காக ரோமானிய உடுப்பில், வார் வைத்த செருப்போடு இருக்கிறான். எத்தனையோ வருடங்களாகப் பார்த்த படம். அன்றுதான் அந்த வீரனுடைய கையைப் பார்த்தேன். ஆடையைப் பிடித்திருக்கும் அந்தக் கை எந்தக் காலத்துக் கையாகவும் இருக்கலாம். அப்போது எனக்குள் ஏதோ உடைந்தது. கூட்டம் போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்து, குழந்தையைப்போல் அழுதேன்.

'ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவனை மறைக்கச் சொல்லி உம்மிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரோசலினைக் காட்டச் சொல்லியும் கேட்டேன். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று உமக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுகிறேன். அவனை மட்டும் சாகப் போக விடாதேயும்.'

இவ்வளவுதான் என் ஜெபம். அதில் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை.

குருத்து ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய், புதன் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பை அங்கேயே இருந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

பெரிய வியாழன் மதியம். அன்று மாலை பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். ஞானம் என் காலைத் தேய்த்துக் கழுவச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். "ஃபாதர் முகத்தைச் சுளிச்சா எனக்குத்தானுங்க அவமானம்." அப்போது செல்போன் அடித்தது. செல்லமுத்து.

"வாத்தியாரய்யா, அண்ணன் ஊட்டுல இருக்காருங்களா? நம்ம பழனிசாமி லைன்ல இருக்கான். ஏதோ ஒளர்றானுங்க. நீங்களே கேளுங்க."

பழனிசாமி ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமில் சில்சார் என்ற ஊருக்குப் போயிருந்தான். மிசோரம் மலைக்கு ஏறும் வழியில் இருக்கிற ஊர் அது.

"வாத்தியாரே, டீ குடிக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல வண்டிய நிறுத்துனனுங்க. திரும்பி வந்து பாத்தா ஒரு அம்மா பின்கதவப் புடிச்சிக்கிட்டு அழுவுதுங்க. மலைக்காரங்க மாதிரி முகம். கூட்டம் கூடிருச்சு. வண்டி மோதிருச்சுன்னு நெனச்சுட்டாங்களாட்டம் இருக்குது, என்னைய அடிக்கத்தான் போறாங்கன்னு பாத்தனுங்க. எனக்கு பாஷையும் தெரியாது. அந்தம்மா திடீர்னு என்னையப் பாத்து, 'இத வரைஞ்சது யாரு?'ன்னு தமிழ்ல கேக்குதுங்க! தமிழ்லங்க வாத்தியாரே! எனக்கு அப்படியே மயக்கமே வந்திருச்சு."

"நீ என்னப்பா சொன்னே?"

"பர்மாக்கார அண்ணன், எங்கூரு வாத்தியார் ஊட்டுல இருக்காருன்னு சொன்னனுங்க. அந்தம்மா ரோட்டுலயே உக்காந்துருச்சுங்க."

நான் போனை நீட்டினேன். அருள்தாஸ் வாங்கவில்லை. கையை இடுப்பில் துடைத்தான், மறுபடி துடைத்தான். ஞானம்தான் போனை வாங்கி வீடியோவுக்கு மாற்றி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் வெயிலில் கறுத்த ஒரு பெண்ணின் முகம். பின்னால் கொம்பும் தொப்பியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தை எண்ணத் தோன்றவில்லை.

பிறகு அவள்தான் முதலில் பேசினாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"அந்தப் பல்லை அடைங்கன்னு அன்னைக்கே சொன்னேனே. இன்னும் அடைக்கலையா?"

அருள்தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "அடைச்சிருந்தா நீ பார்த்திருக்க மாட்டியேடி" என்றான். அவன் அழுத சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

பிறகு தெரிந்துகொண்டோம். கிராமம் எரிந்த அன்று அவள் ஆற்றைக் கடந்து, மிசோரத்தில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கணவனைத் தேடுகிறவர்கள் தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ரோசலின் என்ற பெயரையே சொல்லாமல், தாய்வழியில் வழங்கிய வேறு பெயரைச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஃபாதர் கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்று வந்தது. முகாமில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, அவளுக்குத் துணையாகச் சில்சார் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். மருந்து வாங்க ரோட்டுக்கு வந்தவள், எதிரே நின்ற லாரியின் பின்கதவில் தன் ஊரையே அழவைத்த அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். முதலில் பயந்து ஓடப் போனாளாம். அப்புறம்தான் அதன் தலையில் கொம்பு இருப்பதைப் பார்த்தாளாம். இப்படி வரைய உலகத்தில் ஒருவரால்தான் முடியும் என்று திரும்பி வந்தாளாம்.

சகோதர சகோதரிகளே, நான் யாரும் பார்க்கக் கூடாது என்று ஜெபித்த பின்கதவு அது. நான் அழிக்கச் சொன்ன முகம். ஒரு லாரி டிரைவர் தன் ராசிக்காக அதைக் கட்டிக் காத்தான். வரலாற்று வாத்தியாரின் புத்தியைவிட அவன் பிடிவாதத்தை ஆண்டவர் பயன்படுத்திக்கொண்டார். துரத்தியவனின் முகத்தையே அவர் வழிகாட்டியாக்கினார். இதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. கொலை செய்வதற்காக ரோமானியர் செய்த மரத்தைத்தானே நாம் தினமும் நெற்றியில் வரைந்துகொள்கிறோம்?

அன்று மாலை ஃபாதர் என் முன்னால் முழந்தாளிட்டு என் காலில் தண்ணீர் ஊற்றினார். நான் அழுதேன். அவரும் அழுதார்.

ரோசலின் வந்து சேர ஆகஸ்டில் வரும் விண்ணேற்பு மாதா திருநாள் வரை ஆனது. அங்கிருந்த குருக்களும் எங்கள் இன்ஸ்பெக்டரும் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமல்ல. சேலம் ஜங்ஷனில் ரயில் வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் பிளாட்பாரத்தில் நின்றோம். பழனிசாமி மாலையோடு வந்திருந்தான். "பூதத்துக்கு வாங்குனது, மிச்சம் ஒண்ணு இருந்துச்சுங்க" என்று சொல்லி அதை அவள் கழுத்தில் போட்டான். ஞானம் அவனை முறைத்தாள். ரோசலின் சிரித்தாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மேலிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை. இப்போது இரண்டு பேரும் வாரம் ஒரு தடவை கையெழுத்துப் போடுகிறார்கள். ரோசலினின் தாய் எங்கே என்று தெரியவில்லை. உபதேசியார் இன்னும் சிறையில் இருக்கிறார். அவர்களுக்காக எங்கள் வீட்டில் தினமும் ஜெபம் நடக்கிறது. நீங்களும் ஜெபியுங்கள்.

எனக்கு என்ன மாறியது என்று கேட்டால், என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் செய்தித்தாளில் ஒரு போர்ச் செய்தியைப் படித்தால் முன்புபோல யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போடுவதில்லை. அந்த ஊரில் யார் பின்வாசல் வழியாக ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். யார் பாட்டுப் பாடியதற்காக, யார் படம் வரைந்ததற்காக ஓடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களோடு ஆண்டவரும் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று இப்போது நிச்சயமாக நம்புகிறேன். எனக்கு இதைக் காட்டிய அவருக்கு நன்றி. அவர் பெயர் என்றும் வாழ்த்தப்படுவதாக.

உங்களிலும் என்னைப்போல் பயந்தவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர் எங்கோ தூரத்தில் நடக்கும். ஆனால் அதில் தப்பியவர் ஒருநாள் உங்கள் கோயில் வாசலில் வந்து உட்காரலாம். காகிதம் இருக்காது. சொல்வது பாதி புரியாது. அவரால் நமக்கு என்ன வருமோ என்று உங்கள் மனம் ஆயிரம் யோசிக்கும். யோசியுங்கள், தப்பில்லை. ஆனால் அவரை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். அதன்பின் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஆண்டவர் முன்னால், எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம். நான் அப்படித்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.